கழற்றி வைத்த கண்ணாடிகள்

ஆச்சியின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், அம்பாசமுத்திரம் வீட்டில் அவளுடைய பீரோவைக் காலி செய்துகொண்டிருந்தோம். கீழ்த்தட்டில், புடவைகளுக்கு அடியில், துருப்பிடித்த பிஸ்கட் டின் ஒன்று கிடைத்தது. உள்ளே மூன்று பொருள்கள், தனித்தனியாகத் துணியில் சுற்றி. ஒன்று பல்செட். இன்னொன்று கறுப்புச் சட்டம் போட்ட கண்ணாடி. மூன்றாவது காது மெஷின்.

"தொலைஞ்சிரக் கூடாதுன்னு நான்தான் எடுத்து வச்சேன்" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு டின்னை மூடினாள். அப்புறம் அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

கழற்றிய வரிசை எனக்கு நினைவிருக்கிறது. முதலில் போனது காது மெஷின். ஆச்சி அதைக் குளிக்கப் போகும்போது கழற்றி எங்காவது வைத்துவிடுவாள், வீடே தேடும். ஒருமுறை அரிசி டப்பாவில் கிடைத்தது. பேட்டரி வேறு அடிக்கடி மாற்ற வேண்டும். "இனிமே யார்ட்ட பேசப் போறாவ, எதுக்கு இது" என்று பேச்சு வந்தது. அடுத்தது கண்ணாடி. போட்டபடியே தூங்கிக் காது வளைந்துபோனது, சரிசெய்ய டவுனுக்குப் போக வேண்டும், யாருக்கும் நேரமில்லை. கடைசியாகப் பல்செட். யாரோ ஒரு வயசாளி தூக்கத்தில் பல்செட்டை விழுங்கிவிட்டதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அன்று இரவே கழற்றி வைத்தோம். ஒவ்வொன்றுக்கும் நியாயமான காரணம் இருந்தது. எதையும் வெறுப்பில் செய்யவில்லை.

அதற்குப் பிறகு ஆச்சி கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். கஞ்சி மட்டும் குடித்தாள். அம்மாவைத் தன் இறந்துபோன தங்கையின் பெயரால் கூப்பிட்டாள். விளக்கு வைக்கிற நேரத்தில் வாசலில் யாரோ நிற்பதாகச் சொல்லி அழுதாள். ஊர் டாக்டர் சத்து மாத்திரையும் தூக்க மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். மதுரையிலிருந்து வந்த மாமா கட்டில் ஓரத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுச் சொன்னார்: "வயசானா அப்பிடித்தான்." மனநல மருத்துவரிடம் காட்டலாமா என்று நான் கேட்டபோது, "ஆச்சிய பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கா கூட்டிட்டுப் போவ?" என்று எல்லோரும் ஒரே குரலில் திரும்பினார்கள். நான் அப்போது கல்லூரி முதல் வருடம். வாயை மூடிக்கொண்டேன்.

பல வருடங்கள் கழித்து, வேறு எதையோ தேடிக்கொண்டிருந்தபோது, 1965ஆம் ஆண்டு லண்டனில் ஒரு பெண் எழுதிய புகாரைப் பற்றிப் படிக்க நேர்ந்தது. முதியவர்களிடமிருந்து கண்ணாடி, பல்செட், காது கேட்கும் கருவி ஆகியவற்றை எடுத்து வைத்துவிடுகிறார்கள் என்பதுதான் அந்தப் புகார். அதே மூன்று பொருள்கள். எனக்குப் பிஸ்கட் டின் ஞாபகம் வந்தது. அந்தப் பெண்ணின் கதையைத் தேடிப் போனதுதான் இந்தக் கட்டுரை.

*

வடக்கு லண்டனில் கோல்னி ஹாட்ச் என்ற இடத்தில் 1851இல் ஒரு மனநோய்க் காப்பகம் திறக்கப்பட்டது. அடிக்கல் நாட்டியவர் விக்டோரியா மகாராணியின் கணவர் ஆல்பர்ட். முகப்பு அரண்மனை மாதிரி இருக்கும். உள்ளே மைலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நீளமான ஒரு தாழ்வாரம். கட்டிய காலத்தில் அது பெருமைக்குரிய கட்டடம். ஆனால் சில தலைமுறைகளுக்குள் 'கோல்னி ஹாட்ச்' என்ற ஊர்ப்பெயரே லண்டன்காரர்களின் வாயில் பைத்தியத்துக்கு இன்னொரு பெயர் ஆகிவிட்டது. நம் ஊரில் ஒருவரைப் பார்த்து 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்று சொல்வதைப்போலத்தான். அந்தப் பெயரின் கறையைப் போக்க 1937இல் அதை ஃப்ரையர்ன் மருத்துவமனை என்று மாற்றினார்கள். பெயர் மாறியதே தவிர, தாழ்வாரம் அப்படியேதான் இருந்தது.

1965 ஜனவரியில் அந்தத் தாழ்வாரத்தில் நடந்து போனவர் பார்பரா ராப். வயது ஐம்பத்து மூன்றை நெருங்கிக்கொண்டிருந்தது. உளச்சிகிச்சையில் பயிற்சி பெற்றவர். கணவர் பிரையன் ராப் ஓவியர், கேலிச்சித்திரக்காரர். வசதியான, நல்ல தொடர்புகள் உள்ள குடும்பம். தனக்குத் தெரிந்த ஏமி கிப்ஸ் என்ற முதிய பெண்ணைப் பார்க்கத்தான் அவர் அங்கே போனார். ஏமி கிப்ஸ் எழுபது வயதைக் கடந்தவர், படம் வரைவதில் ஆர்வம் உள்ளவர்.

ராப் அங்கே கண்டது அவரை நிலைகுலைய வைத்தது. வார்டில் இருந்த முதிய பெண்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரி குட்டையாக முடி வெட்டியிருந்தார்கள். உடுத்தியிருந்தது அவர்களுடைய சொந்த உடைகள் அல்ல. கண்ணாடி இல்லை, பல் இல்லை, காது கருவி இல்லை. செய்வதற்கு ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். ராப் அன்றிலிருந்து நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். யாரிடம் என்ன கேட்டேன், என்ன பதில் வந்தது என்று எல்லாவற்றையும் எழுதினார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஃப்ரையர்ன் செவிலியர்கள் கொடூரமானவர்கள் என்று முடிவு கட்டினால் கதை சுலபமாகிவிடும். அங்கும் காரணங்கள் இருந்தன. வார்டுகள் மிகப் பெரியவை, ஆட்கள் மிகக் குறைவு. கட்டில்கள் ஒன்றையொன்று ஒட்டிக் கிடந்தன. நோயாளி தன் பொருளை வைத்துக்கொள்ள ஒரு சின்ன அலமாரிகூட இல்லாத இடத்தில் கண்ணாடி உடையும், பல்செட் மாறிப்போகும். அப்போது யாருக்குப் பதில் சொல்வது? எடுத்துப் பத்திரமாக வைப்பதே மேல். அரிசி டப்பாவில் காது மெஷின் கிடைத்த வீட்டிலிருந்து வருகிறவனுக்கு இந்தத் தர்க்கம் நன்றாகவே புரிகிறது.

இந்தக் காரணங்களுக்கெல்லாம் அடியில் ஒரு நம்பிக்கை இருந்தது. இவர்களுக்கு இனி ஒன்றும் ஆகப்போவதில்லை, மூளை தேய்ந்துவிட்டது, வயசானால் அப்படித்தான் என்பதே அது. பிரிட்டனின் பெரிய மனநல மருத்துவமனைகளில் கட்டில்களில் பெரும்பங்கை அறுபத்தைந்தைக் கடந்தவர்கள் நிரப்பியிருந்த காலம் அது. 1961இல் அன்றைய சுகாதார அமைச்சர் ஈனாக் பவல், பதினைந்து ஆண்டுகளில் மனநல மருத்துவமனைப் படுக்கைகளைப் பாதியாகக் குறைக்கப் போவதாக அறிவித்திருந்தார். இளையவர்களுக்குப் புதிய மருந்துகள் வந்திருந்தன. அவர்கள் வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். முதியவர்கள் எங்கே போவார்கள் என்ற கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. மூடப்போகிற கட்டடத்தில் யார் பணம் போடுவார்கள்? கடைசி வார்டுகளில் அவர்கள் மிஞ்சிப்போனார்கள்.

*

என்னை அதிகம் தொந்தரவு செய்தது வேறொரு விஷயம். 'வயசானா அப்படித்தான்' என்பது தவறு என்று அப்போதே தெரிந்திருந்தது. ராப் ஃப்ரையர்னுக்குப் போவதற்குப் பத்து வருடம் முன்பே, அதே நாட்டில், அச்சில் வந்துவிட்டது.

மார்ட்டின் ராத் புடாபெஸ்டில் பிறந்தவர், லண்டனில் வளர்ந்தவர். சிசெஸ்டர் ஊரிலிருந்த கிரேலிங்வெல் மனநல மருத்துவமனையில் வேலை பார்த்தபோது, எளிமையான ஆனால் யாரும் ஒழுங்காகச் செய்யாத ஒரு வேலையைச் செய்தார். 1930களிலும் 1940களின் இறுதியிலும் அங்கே சேர்க்கப்பட்ட, அறுபது வயதைத் தாண்டிய நோயாளிகளின் பழைய குறிப்பேடுகளை எடுத்தார். நோயின் தன்மையை வைத்து அவர்களைப் பிரித்தார். ஒவ்வொரு பிரிவினரும் ஆறு மாதம் கழித்து என்ன ஆனார்கள், இரண்டு வருடம் கழித்து என்ன ஆனார்கள் என்று பார்த்தார். வீடு திரும்பினார்களா, வார்டிலேயே இருந்தார்களா, இறந்துபோனார்களா. அவ்வளவுதான் கேள்வி.

'முதுமைப் பைத்தியம்' என்று ஒரே மூட்டையில் கட்டி வைத்திருந்ததற்குள் வெவ்வேறு நோய்கள் இருந்தன. மூளை உண்மையிலேயே சிதைந்துகொண்டிருந்தவர்களில் பெரும்பாலோர் இரண்டு ஆண்டுகளுக்குள் இறந்திருந்தார்கள். அவர்கள் விஷயத்தில் பழைய நம்பிக்கை பெரிதும் சரிதான். ஆனால் கடும் மனச்சோர்வோடு வந்தவர்கள் கதை அப்படியே வேறு. அவர்களில் பெரும்பாலோர் உயிரோடு இருந்தார்கள், வீடும் திரும்பியிருந்தார்கள். மூன்றாவதாக ஒரு பிரிவு, திடீர்க் குழப்பம். கொஞ்ச நாளில் வந்த குழப்பம், நேரத்துக்கு நேரம் மாறுகிற குழப்பம், இல்லாததைக் காண்பது. இதன் வேர் பெரும்பாலும் மூளைக்கு வெளியே இருந்தது. சிறுநீர்த் தொற்று, நிமோனியா, இதயக் கோளாறு, மருந்தின் பக்கவிளைவு. மூலநோயைக் கண்டுபிடித்தால் தெளிவார்கள், கண்டுபிடிக்காவிட்டால் இறந்துபோவார்கள். இந்த ஆய்வு 1955இல் வெளியானது. முதியோர் மனநல மருத்துவம் என்ற துறையே இந்தக் கட்டுரையிலிருந்துதான் தொடங்குகிறது என்று சொல்கிறவர்கள் உண்டு.

இதைப் படித்த அன்று நான் ஆச்சியின் மாலைநேரங்களை எண்ணிப் பார்த்தேன். வாசலில் யாரோ நிற்பதாக அவள் அழ ஆரம்பித்தது தூக்க மாத்திரைக்கு முன்பா, பின்பா? முதியவர்களுக்குக் கொடுக்கும் சில தூக்க மாத்திரைகளே இப்படிப்பட்ட குழப்பத்தை உண்டாக்கும். கண் தெரியாமல், காது கேட்காமல் இருந்தாலும் குழப்பம் கூடும். சாப்பாட்டை வெறுத்துச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டது மறதிநோயா, மனச்சோர்வா? அதற்கு முந்தைய வருடம்தான் தாத்தா இறந்திருந்தார். அம்மாவிடம் கேட்டேன். "அதெல்லாம் எப்பிடிப்பா இப்ப ஞாபகம் இருக்கும்" என்றாள். எங்களுக்குக் குறிப்பேடு கிடையாது. எடுத்துப் பிரித்துப் பார்க்க ஒரு மார்ட்டின் ராத்தும் கிடையாது.

*

பார்பரா ராப் முதலில் வழக்கமான வழிகளில் முயன்றார். மருத்துவமனையிடம் பேசினார், அமைச்சகத்துக்கு எழுதினார். பயனில்லை. 1965 நவம்பர் 10ஆம் தேதி, லண்டன் டைம்ஸ் நாளிதழில் ஒரு கடிதம் வந்தது. கையெழுத்திட்டவர்களில் ஸ்ட்ராபோல்கி பிரபு, சமூகக் கொள்கைப் பேராசிரியர் பிரையன் ஏபல்-ஸ்மித், ஓவியர் எட்வர்ட் ஆர்டிசோன் ஆகியோரும் உண்டு. சில மருத்துவமனைகளில் முதியவர்களிடமிருந்து கண்ணாடியையும் பல்லையும் காது கருவியையும் பறித்துவிட்டுத் தனிமையில் விட்டுவிடுகிறார்கள், இதைப் பற்றித் தெரிந்தவர்கள் எங்களுக்கு எழுதுங்கள் என்று அது கேட்டது.

கடிதங்கள் வந்து குவிந்தன. மகள்கள் எழுதினார்கள், செவிலியர்கள் எழுதினார்கள், சமூகப் பணியாளர்கள் எழுதினார்கள். தன் வீட்டையே அலுவலகமாக்கி, 'ஈஜிஸ்' என்ற சிறு அமைப்பை ராப் நடத்தினார். கிரேக்கப் புராணத்தில் அந்தச் சொல்லுக்குத் தெய்வங்கள் ஏந்தும் கேடயம் என்று பொருள்.

1967 ஜூன் 30 அன்று 'ஸான்ஸ் எவ்ரிதிங்' என்ற புத்தகம் வெளிவந்தது. 'எல்லாம் இழந்து' என்று சொல்லலாம். ஷேக்ஸ்பியர் நாடகம் ஒன்றில் மனித வாழ்வின் ஏழு பருவங்களைப் பற்றி வருகிற பேச்சின் கடைசிச் சொற்கள் அவை. ராப்பின் நாட்குறிப்பு அதில் ஒரு பகுதி. செவிலியர்களும் சமூகப் பணியாளர்களும் தாங்கள் கண்ணால் பார்த்ததை எழுதியது இன்னொரு பகுதி. அடி, வசவு, அவமானம் எல்லாம் அதில் இருந்தன. நிலைமையை எப்படி மாற்றலாம் என்ற யோசனைகளும் இருந்தன. பலர் இந்தப் பின்பாதியை மறந்துவிடுகிறார்கள். அது குற்றப்பத்திரிகை மட்டுமல்ல, ஒரு திட்டமும்கூட.

அரசு விசாரணைக்கு உத்தரவிட்டது. ஆனால் விசாரணைக் குழுக்களை நியமித்தது யார்? அந்தந்த மருத்துவமனைகளை நிர்வகித்த வட்டார வாரியங்களேதான். 1968இல் வெள்ளை அறிக்கை வந்தது. பெரும்பாலான குற்றச்சாட்டுகள் நிரூபிக்கப்படவில்லை அல்லது மிகைப்படுத்தப்பட்டவை என்றது. அப்போதைய சுகாதார அமைச்சர் கென்னத் ராபின்சன் மனநலத்துக்காகப் பல ஆண்டு குரல் கொடுத்தவர். அவருடைய காலத்திலேயே இப்படி நடந்தது. பொய்யாகப் பீதி கிளப்பினார் என்ற பெயர் ராப்புக்கு வந்தது. சாட்சி சொன்ன செவிலியர்கள் தலைகுனிந்து நின்றார்கள்.

அத்தோடு கதை முடிந்திருக்கும். முடியாமல் போனதற்குக் காரணம் இன்னொரு மருத்துவமனை. கார்டிஃப் நகரின் ஈலி மருத்துவமனையில் உதவியாளராக இருந்த ஒருவர், அங்கே நோயாளிகள் நடத்தப்பட்ட விதத்தை ஒரு ஞாயிறு பத்திரிகைக்குச் சொன்னார். 1967 ஆகஸ்டில் அது வெளியானது. வழக்கறிஞர் ஜெஃப்ரி ஹவ் தலைமையில் விசாரணை நடந்தது. இந்த விசாரணை குற்றச்சாட்டுகளை உண்மை என்று சொன்னது. அறிக்கையைச் சுருக்கி வெளியிடலாம் என்று யோசனை வந்தபோது, புதிதாகப் பொறுப்பேற்றிருந்த அமைச்சர் ரிச்சர்ட் கிராஸ்மன் முழுதாக வெளியிட முடிவு செய்தார். 1969 மார்ச்சில் அது வந்தது. அதே ஆண்டில், மருத்துவமனைகளுக்கு நேரில் போய்ப் பார்த்து அமைச்சருக்குச் சொல்ல ஒரு தனி ஆலோசனை அமைப்பு உருவானது. ராப் வற்புறுத்தி வந்த சுகாதார முறைமன்ற நடுவர் பதவியும் 1973இல் வந்தது. நோயாளி புகார் சொல்ல, மருத்துவமனைக்கு வெளியே ஓர் இடம்.

ராப் 1976இல் இறந்தார். அவர் சொன்னது பெரும்பாலும் உண்மை என்று வரலாற்றாசிரியர்கள் விரிவாக நிறுவியது இந்த நூற்றாண்டில்தான்.

*

புகார் மட்டும் போதாது. அது ஒரு கதவைத் திறக்கும், உள்ளே வேலை செய்ய ஆள் வேண்டும். ஈலி அறிக்கை வந்த அதே 1969இல், லண்டனுக்குக் கிழக்கே குட்மேயஸ் மருத்துவமனையில் முதியவர்களுக்கென்றே ஒரு மனநல மருத்துவர் சேர்ந்தார். டாம் ஏரி. பிராக் நகரில் பிறந்து, சிறுவனாக இங்கிலாந்துக்குத் தப்பி வந்தவர். அன்று இந்தத் துறையைத் தேர்ந்தெடுப்பது சக மருத்துவர்களுக்கு விநோதமாக இருந்தது. கெட்டிக்காரர்கள் போகிற இடமா இது?

ஏரி கொண்டுவந்த மாற்றம் மருந்தில் இல்லை, ஒழுங்கில் இருந்தது. ஒரு முதியவரைச் சேர்க்கச் சொல்லிக் கடிதம் வந்தால், முதலில் அவர் வீட்டுக்குப் போனார்கள். காத்திருப்போர் பட்டியலில் பெயர் எழுதிவிட்டு விடவில்லை. வீட்டில் பார்த்தால்தான் தெரியும்: அடுப்படி எப்படி இருக்கிறது, மாத்திரைகள் எங்கே கிடக்கின்றன, உடன் இருக்கும் மகள் எத்தனை நாள் தூங்கவில்லை. பல நேரம் உதவி தேவைப்பட்டது மகளுக்கு. மனநல மருத்துவரும் பொது மருத்துவரும் சமூகப் பணியாளரும் ஒரே நோயாளியைச் சேர்ந்து பார்த்தார்கள். இது உங்க கேஸ், எங்க கேஸ் இல்லை என்று பந்தைத் தட்டிவிடுகிற பழக்கத்தை நிறுத்தப் பார்த்தார்கள். பகல்நேர மருத்துவமனை வைத்தார்கள். சில வாரங்கள் உள்ளே, மீதி வீட்டில் என்று சுமையைப் பகிர்ந்துகொண்டார்கள். குடும்பம் ஒரு தடவை 'முடியல' என்று சொன்னால் உடனே கை கொடுப்பார்கள் என்ற நம்பிக்கை வந்தால், அந்தக் குடும்பம் இன்னும் பல மாதம் தாங்கும் என்பதை அவர்கள் கண்டுகொண்டார்கள்.

முதல் வருட அனுபவத்தை ஏரி 'லான்செட்' இதழில் எழுதினார். மற்ற ஊர்களிலும் இதே மாதிரி சேவைகள் முளைத்தன. 1989இல் முதியோர் மனநல மருத்துவத்தைத் தனித்துறையாகப் பிரிட்டிஷ் அரசு ஏற்றுக்கொண்டது. ஃப்ரையர்ன் 1993இல் மூடப்பட்டது. அந்த நீளத் தாழ்வாரம் இருந்த கட்டடம் இப்போது விலையுயர்ந்த அடுக்கக வீடுகள்.

*

இவ்வளவையும் படித்துவிட்டு, நம் ஊரில் அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது என்று தேடினேன். ஒன்றும் இருக்காது என்று நினைத்தேன். அது என் அறியாமை.

சென்னையில் மனநோயாளிகளுக்கான இடம் 1794லேயே இருந்தது. வேலன்டைன் கொனொலி என்ற கம்பெனி மருத்துவர் தொடங்கியது. 1871இல் கீழ்ப்பாக்கத்துக்கு வந்தது. கோல்னி ஹாட்ச்சைப்போலவே ஊர்ப்பெயர் வசவாக மாறியது இதனால்தான். ஆனால் என் கதைக்கு அதைவிட நெருக்கமான ஊர் மதுரை. மாமா வந்தாரே, அதே மதுரை. அங்கே மருத்துவக் கல்லூரியில் மனநலத் துறையை நடத்திய ஏ. வெங்கோபா ராவ், இந்தியாவில் முதியோர் மனநலத்தை ஆய்வாக எடுத்துக்கொண்ட முன்னோடிகளில் ஒருவர். அவரும் டி. மாதவனும் மதுரைக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர்ப் பகுதியில் முதியவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்து, 1982இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அறுபதைக் கடந்தவர்களில் ஆயிரத்துக்குச் சுமார் 89 பேருக்கு மனநலப் பிரச்சினை இருந்தது. அதில் முதலிடம் மறதிநோய்க்கு இல்லை, மனச்சோர்வுக்கு. சிகிச்சை உள்ள நோய்க்கு. 1978லேயே சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோருக்கென்று புறநோயாளிப் பிரிவை வி.எஸ். நடராஜன் தொடங்கியிருந்தார்.

1998இல் கொச்சியில் கூடிய ஆய்வாளர்கள் ஒரு குழுவைத் தொடங்கி, அதற்கு '10/66' என்று பெயர் வைத்தார்கள். மறதிநோய் உள்ளவர்களில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் இருக்கிறார்கள், ஆனால் மக்களிடையே நடக்கும் ஆய்வில் 10 சதவீதம்கூட அவர்களைப் பற்றியது இல்லை என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். பெயரிலேயே கணக்குக் கேட்ட அமைப்பு.

ஆக, அறிவு இங்கேயும் இருந்தது. எங்கள் வீட்டிலிருந்து பஸ் ஏறினால் சில மணி நேரத்தில் போய்விடக்கூடிய தூரத்தில் இருந்தது. நாங்கள்தான் பஸ் ஏறவில்லை.

ஏன் ஏறவில்லை? இங்கிலாந்தில் முதியவர்களை மருத்துவமனையில் விட்டுவிட்டு மறந்தார்கள். நாம் மருத்துவமனைக்கே கூட்டிப்போவதில்லை. இரண்டும் எதிரெதிர்போலத் தெரிந்தாலும், இரண்டையும் தாங்கி நிற்பது ஒரே வாக்கியம். அதோடு நம்மிடம் இன்னொன்றும் உண்டு. லாரன்ஸ் கோஹன் என்ற மானுடவியலாளர் வாராணசியில் தங்கி ஆய்வு செய்து 1998இல் ஒரு நூல் வெளியிட்டார். முதியவர் பிதற்றத் தொடங்கினால், அதை மூளையின் நோயாகப் பார்க்காமல் குடும்பம் கெட்டதன் அடையாளமாக அக்கம்பக்கம் பார்க்கிறது என்று அதில் எழுதினார். பிள்ளைகள் ஒழுங்காகக் கவனிக்கவில்லை, அதுதான் கிழவி இப்படிப் புலம்புகிறாள். அம்பாசமுத்திரத்திலும் அதேதான். ஆச்சியை மருத்துவரிடம் கூட்டிப்போனால் ஊர் அம்மாவைத்தான் பேசியிருக்கும். அந்த வீட்டில் ஆச்சியைக் குளிப்பாட்டி, ஊட்டி, இரவெல்லாம் விழித்திருந்தது அம்மா ஒருத்திதான். அவளைப் பார்க்கவும் யாரும் வரவில்லை. ஒரு ஏரி எங்கள் வீட்டுக்கு வந்திருந்தால், ஆச்சியின் நாடியைப் பிடிப்பதற்கு முன்னால் அம்மாவின் முகத்தைப் பார்த்திருப்பார் என்று நினைத்துக்கொள்கிறேன்.

'வயசானா அப்படித்தான்' என்பது ஒரு நோய்க்கணிப்பே அல்ல. அது ஒரு ஏற்பாடு. இனிமேல் தேட வேண்டாம், பஸ் ஏற வேண்டாம், ஆளைப் போட வேண்டாம், பணம் ஒதுக்க வேண்டாம் என்று எல்லோரும் சேர்ந்து செய்துகொள்ளும் ஏற்பாடு. அமைச்சகம் அதைச் சொன்னால் வெள்ளை அறிக்கை. மாமா சொன்னால் ஆறுதல்.

*

போன வருடத்திலிருந்து அப்பா சொன்னதையே திரும்பச் சொல்கிறார். கரண்ட் பில் கட்டியாச்சா என்று ஒரு மணி நேரத்தில் மூன்று தடவை. எழுபத்தொரு வயது. சித்தப்பா போனில், "வயசானா அப்பிடித்தான்ல, விடு" என்றார். இந்த முறை நான் விடவில்லை. அரசு மருத்துவமனையில் முதியோர் பிரிவு இருப்பதாக விசாரித்து, டோக்கன் வாங்கி, காலை ஏழு மணியிலிருந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அம்மாவும் வந்திருந்தாள். கூட்டம் அதிகம். எங்களுக்கு முன்னால் ஒரு பாட்டி, பேத்தியின் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

எங்கள் முறை வந்தது. இளம் மருத்துவர், என் வயதுதான் இருக்கும். இன்னைக்கு என்ன தேதி, இது என்ன ஊர் என்றெல்லாம் கேட்பார் என்று அப்பா பஸ்ஸிலேயே தயாராகி வந்திருந்தார். அவர் அதையெல்லாம் பிறகுதான் கேட்டார். முதலில் அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஐயாவுக்குக் கண்ணாடி உண்டா? போட்டுட்டு வரலையே. காது நல்லா கேக்குதா? என்னென்ன மாத்திரை சாப்பிடுறாரு, எடுத்துட்டு வந்திருக்கீங்களா?"

கண்ணாடி அப்பாவின் சட்டைப் பையில்தான் இருந்தது. அம்மா எழுந்து போய் அதை எடுத்தாள். முந்தானையில் துடைத்தாள். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள். அப்புறம் அப்பாவுக்கு மாட்டிவிட்டாள்.